கொடுக்காத கனகாம்பரம்

அக்கா தன் கணவருக்காக வரைந்த கடைசிப் படத்தை நான் அவரிடம் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டதாகப் பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பியே அவள் இறந்தாள்.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

2006. சிதம்பரத்தில் மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டு, முதுநகரில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள் பிலோமினா அக்கா. வந்த வாரமே மஞ்சள் காமாலை. "உன்னக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டேன்" என்று மாமா சொன்னதை அவள் மறந்துவிட்டாள். நான்தான் மறக்கவில்லை.

படுக்கையில் சாய்ந்தபடியே கனகாம்பரச் சரம் ஒன்றை வாட்டர் கலரில் வரைந்தாள். கல்யாணமான புதிதில் மாமா தினமும் சாயங்காலம் வாங்கி வருவாராம். இதழுக்கு இதழ் ஆரஞ்சு நிறம் மாறியது... கை நடுங்கிய இடங்கள்கூடத் தெரிந்தன. படத்தின் பின்பக்கம் ஒரே வரி: "வரும்போது ரெண்டு முழம் வாங்கிட்டு வாங்க."

கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். எனக்கும் அது புரிந்தது.

"அவரு கையிலயே குடுத்துட்டு வாடி" என்றாள்.

பஸ் ஏறிப் போனேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடையில் மாமா நண்பர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே அவள் அப்படிக் கிடக்க, இவருக்குச் சிரிப்பா... தானாக வந்து காலில் விழட்டும் என்று திரும்பிவிட்டேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதே அவருக்குத் தெரியாது. அதை ஏன் நான் எண்ணிப் பார்க்கவில்லை?

"குடுத்தியா?"

"குடுத்தேன்கா."

"என்ன சொன்னாரு?"

"பாத்தாரு. ஒண்ணும் சொல்லல."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் நினைவு தப்பியது. செய்தி போய், மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் இருந்தது... ஏன் சொல்லவில்லை? அவளுடைய வேதனையைவிட என் கோபம் பெரிதாக இருந்ததா?

படம் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

2012 கல்லறைத் திருநாளுக்கு மாமா வந்தார். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கடைசியில என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா, ஜெயா?"

படத்தைப் பற்றிச் சொல்லிவிட வாயெடுத்தேன்...

"இல்ல மாமா."

தலையை ஆட்டிக்கொண்டார்.

"என்னாலதான் வர முடியல. நீயாவது கடைசி வரைக்கும் அவ கூட இருந்தியே. அது போதும்மா."

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.