தேஷிங் கடையில் ஈரல் விற்ற வருடம்

நோங் தேஷிங்கின் கடையில் பன்றியின் எல்லாப் பாகமும் கிடைக்கும், ஈரலைத் தவிர. எங்கள் சந்தையில் எல்லோருக்கும் இது தெரியும். விடிகாலையில் வெட்டிய பன்றியிலிருந்து முதலில் ஈரலை எடுத்து, வாழையிலையில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்துவிடுவார். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "இந்தப் பன்னிக்கு ஈரலே இல்லீங்க" என்பார்.

"ஆமாமா, அண்ணன் வாங்குற பன்னியெல்லாம் ஈரல வீட்டுல வச்சுட்டுத்தான் சந்தைக்கு வரும்" என்று பக்கத்துக் கடையில் தோஃபு விற்கும் மெங் அக்கா சொல்வாள்.

ஈரல் அவருடைய மகள் ஆலானுக்கு. அவளுக்கு வயது பன்னிரண்டு. பார்த்தால் எட்டுதான் சொல்லலாம். தலசீமியா. உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. அப்பா, அம்மா இருவரின் ரத்தத்திலும் வெளியே தெரியாமல் இருந்த குறை இவளிடம் சேர்ந்து நோயாகிவிட்டது. எங்கள் மலைப்பக்கத்துக்கு இது புதிதல்ல. முன்பு இப்படிப் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூட வாசலைப் பார்ப்பதற்குள் போய்விடும். ஆலான் ஆறாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து நான்னிங் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேரும். அது தானாக வெளியே போகாது. இதயத்திலும் கல்லீரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியேற்ற, வாரம் ஆறு இரவு வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, ஒரு சின்ன பம்பு வழியாக விடிய விடிய மருந்து ஏற்ற வேண்டும். ரத்தச் செலவில் பாதியைக் கிராமக் காப்பீடு கொடுத்தது. வீட்டில் போடும் மருந்துக்கு ஒரு காசு கிடையாது. ஒரு குப்பி ஐம்பது யுவானுக்கு மேல், இரவுக்கு இரண்டு குப்பி. தேஷிங்கின் வீட்டு மொட்டைமாடியில் இரண்டாம் மாடிக்காக நிறுத்திய கம்பிகள் பத்து வருடமாக மழையில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

மருந்தைக் கரைத்துப் பம்பில் நிரப்புவது அவர் வேலை. மனைவி யூலியென் குடல் கழுவ முன்கோழி கூவும்போதே எழ வேண்டியவள் என்பதால் சீக்கிரம் படுத்துவிடுவாள்.

அந்த இலையுதிர் காலத்தில் நான்னிங் ஆஸ்பத்திரியில் டாக்டர் சூ பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர்.

"இரும்பு ஆறாயிரத்து நானூறு. போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு. வாரம் ஆறு ராத்திரியும் மருந்து போடுறீங்களா?"

"வானத்து மேல சத்தியம் டாக்டரம்மா! ஒரு ராத்திரிகூடத் தப்பினதில்ல" என்றாள் யூலியென்.

"சாப்பாடு?"

"நல்லாத்தான் குடுக்கறோம். தெனம் ஈரல், வாரம் ரெண்டு தரம் ரத்தக் கட்டி சூப்பு. ரத்தம் ஊறணும்ல?"

டாக்டர் பேனாவை மூடினார். "ஈரல்ல இருக்கறதும் இரும்புதாம்மா. இவளுக்கு இரும்பு பத்தாம இல்ல, நெறஞ்சு வழியுது. இன்னிலேர்ந்து ஈரல் வேணாம். ஆனா ஈரல் மட்டும் இவ்வளவு ஏத்தாதே." அவர் ஆலான் பக்கம் திரும்பினார். "பாப்பா, காலையில ஒண்ணுக்குப் போறப்ப என்ன நிறத்துல போகுது?"

"ஒரு நாள் செங்கல் நிறத்துல போகும். மறுநாள் சாதாரணமாப் போகும்."

"ஒரு நாள் விட்டு ஒரு நாளா?"

"ஆமா."

மருந்து இரும்பை இழுத்துக்கொண்டு வெளியே போகும்போதுதான் அந்த நிறம் வரும். தேஷிங் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார். "வாரத்துல மூணு ராத்திரி மருந்து கலக்கல. கரைக்கிற தண்ணிய மட்டும் ஏத்தினேன். போன புதுவருஷத்துலேர்ந்து. ஈரல் நெறையாக் குடுத்தா ரத்தம் ஊறும், ரத்தம் ஊறினா வெளி ரத்தம் கம்மியாப் போதும், அப்புறம் மருந்தும் கம்மியாப் போதும்னு கணக்குப் போட்டேன்."

யூலியென் கையிலிருந்த ஆரஞ்சுப் பையால் அவர் முதுகில் ஓங்கி அடித்தாள். பழங்கள் உருண்டன. "பாவி மனுஷா! நான் அந்த ஈரலைக் கழுவிக் கழுவி வேகவச்சுப் போட்டேனே!" பிறகு மகளிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? ஏன்டி சொல்லல?"

"தண்ணி ஏத்துற ராத்திரி அப்பா மருந்துக் குப்பியத் தொறக்கவே மாட்டாரு" என்றாள் ஆலான். "காசு இல்லன்னுதான் செய்யுறாருன்னு தெரியும். நான் சொன்னா நீ அடிப்ப."

டாக்டர் குனிந்து ஓர் ஆரஞ்சை எடுத்து மேசை மேல் வைத்தார். "இதயம் கொஞ்சம் பெருசாயிருக்கு. இப்படியே போனா அடுத்த வருஷம் நான் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. ஒரு வருஷம் ஒரு ராத்திரிகூட விடாமப் போடுங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கீழ கொண்டுவாங்க."

அன்று இரவு தேஷிங் குப்பியை எடுத்தபோது ஆலான் கையை நீட்டினாள். "குடுங்கப்பா. இனிமே நானே கரைச்சுக்கறேன். உங்கள நம்ப முடியாது." அவள் குரலில் கோபம் இல்லை. அவர் கொடுத்துவிட்டார். காலையில் கழிவறைக்குப் போய் நிறம் பார்ப்பது யூலியெனின் வேலையாயிற்று.

மறுநாள் அவருடைய கடையில் ஈரல் கொக்கியில் தொங்கியது. மெங் அக்கா அதைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஐயோ, எப்பண்ணே? ஒரு வார்த்தை சொல்லலியே!"

"என்ன எப்போ?"

"ஆலான்..."

"அவ பள்ளிக்கூடத்துல இருக்கா. அவ சாகக் கூடாதுன்னுதான் இத விக்கறேன். அழறத நிறுத்திட்டு அரைக் கிலோ வாங்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விலையக் கொறச்சுப் போடு, பயமுறுத்தினதுக்கு" என்றாள். அவர் பத்துக் காசுகூடக் குறைக்கவில்லை.

ஈரல் காசில் ஒரு நாளைக்கு ஒரு குப்பிகூட முழுதாக வரவில்லை. மதியம் கடையை மூடியதும் கத்திகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பன்றி வெட்டிக் கொடுக்க மலைக்கிராமங்களுக்குப் போனார். சிகரெட்டை விட்டார். அரிசிச் சாராயத்தையும் விட்டார். அதை விட்டதால் மனிதர் சிடுசிடுப்பாகிவிட்டார் என்று யூலியென் சந்தை முழுக்கச் சொன்னாள். மாடிக் கம்பிகளை அறுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார்.

பணத்தைவிட மனிதர்களைச் சமாளிப்பது கடினமாக இருந்தது. வெளிறிய குழந்தையைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள். புதுவருட விருந்தில் தேஷிங்கின் தங்கை பன்றி ரத்தக் கஞ்சியோடு வந்து நின்றாள். "ஒரு வாய் குடுண்ணே, பாவம் பொண்ணு, காகிதமாட்டம் இருக்கா."

தேஷிங் கிண்ணத்தை வாங்கி அவரே குடித்தார். தங்கை இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். அதையும் குடித்தார். மூன்றாவதையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். "இன்னும் இருந்தா கொண்டா. எனக்கு ரத்தம் கம்மிதான்." அன்று இரவும் பம்பு ஓடியது.

ஆலானின் வயிற்றில் ஊசி குத்திய இடமெல்லாம் கட்டிகள். கோடை வெயிலில் அவளுக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது, டாக்டரே மருந்தை நிறுத்தச் சொன்ன மூன்று இரவுகள் மட்டும் பம்பு ஓடவில்லை. நான்காம் நாள் அவளே நினைவு வைத்து எடுத்து மாட்டினாள்.

சரியாக ஒரு வருடம் கழித்து டாக்டர் சூ தாளை நீட்டினார்.

"மூவாயிரத்து நூறு."

யூலியென் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். ஆனா இதயம் போன வருஷம் இருந்த அளவுலதான் இருக்கு. ஒரு விரக்கடை கூடக் கூடல." அவர் முதல்முறையாகச் சிரித்தார். "யாரு மருந்து கரைக்கிறது இப்போ?"

"நான்" என்றாள் ஆலான்.

தேஷிங் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். "ஆறாயிரத்து நானூறு மூவாயிரத்து நூறாயிருக்கு. இன்னும் அறுநூறு எறங்கணும். டாக்டரம்மா, இன்னொரு வருஷத்துக்கு மருந்துச் சீட்டு எழுதுங்க."

"மூணு மாசத்துக்குத்தான் எழுத முடியும்."

"எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா சீட்டு வாங்கிக்கறோம்."

மருந்துக் கவுன்டரில் வரிசை நீண்டிருந்தது. குப்பிகளை எண்ணி வாங்கிப் பையில் அடுக்கியபோது இரண்டு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. மறுநாள் மலைமேல் ஒரு கல்யாணம். நான்கு பன்றிகள் வெட்ட வேண்டும். மூவரும் ஓடினார்கள், ஆலான் முன்னால் ஓடினாள்.