ஐஸுக்கு விட்ட நாலு விரல் இடம்

விற்றாலும் குறையும், விற்காவிட்டாலும் குறையும் சரக்கு ஐஸ். வெயில் நாளில் பூவும் மீனும் விற்றுப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் நீராவி எஞ்சினோடு ஐஸ் மெஷின் வந்து இறங்கிய புதிது; அதற்கு நான்தான் மேஸ்திரி. உயரமான தகர டின்களில் தண்ணீர் நிரப்பி, கடுங்குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்போம். மறுநாள் டின்னுக்குள் கட்டி நிற்கும். முதல் கட்டி ஆஸ்பத்திரிக்கு, காய்ச்சல்காரர்களின் தலையில் வைக்க. மிச்சம் துரைமார் பங்களாக்களுக்கு. ஆனால் டின்கள் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய்ப் பிளந்துகொண்டே இருந்தன. உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் கட்டி சேராது. ஆஸ்பத்திரிக்கு இல்லை என்று கைவிரிக்கும் நாள் வந்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

மிதக்கிற கல்

பங்களா பட்லர் சூசை ஒருநாள் கிண்ணத்தோடு வந்து நின்றார். உள்ளே தண்ணீர், அதன்மேல் என் ஐஸ். "கல்லு கணக்கா கெட்டியா கீது, ஆனா முழுவ மாட்டேங்குது. உள்ள இன்னா வச்சி அடைச்சீங்க?" என்றார்.

மெஷின் பூட்ட வந்த இன்ஜினியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். தண்ணீராக இருக்கும்வரை அது ஷிஃப்டுக்குச் சுரங்கத்தில் இறங்குகிற கேஜ் கூண்டில் நெருக்கியடித்து நிற்கும் ஆட்களைப் போல. உறைந்துவிட்டால் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, ஆளுக்கு ஒரு இலை, நடுவே இடைவெளி. ஆட்கள் அதே ஆட்கள்தான், அடைக்கிற இடம்தான் அதிகம். அதே எடை பெரிய இடத்தில் பரவினால் மிதக்கத்தானே செய்யும்? சூசை ஐஸை விரலால் அமுக்கி விட்டுப் பார்த்தார். "அப்போ தொரை கிளாசுக்குள்ள தெனம் ஒரு கண்ணாலப் பந்தி நடக்குதுன்னு சொல்லுங்க!"

அந்தோணியின் சோடா

ஃபிட்டர் அந்தோணி, ஷிஃப்ட் முடிந்து குடிக்கலாம் என்று சோடா புட்டியை உப்புத் தொட்டியில் இறக்கிவிட்டு அதை மறந்தும் போனார். சாயங்காலம் தூக்கினால் கண்ணாடி சுக்குநூறாக உதிர்ந்தது. உறைந்த சோடா மட்டும் புட்டி உருவத்தில் அப்படியே நின்றது. திட்டப்போகிறார் என்று ஒதுங்கினேன். அவரோ அதைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். "போனா போவுதுங்க, புட்டியே இல்லாத சோடாவ எவன் பாத்திருப்பான்!"

எனக்குப் பொறி தட்டியது. என் டின்களுக்கும் இதே கதிதானோ?

நிறை குடம்

டின்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் முனியம்மா. புருஷன் கோவிந்தன் சுரங்கத்தில் இறங்குகிறவர். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு டின்னையும் விளிம்பு தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டிருந்தார். நாலு விரல் இடம் விட்டு ஊற்றச் சொன்னேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டார். ஆள் ஷிஃப்டுக்குப் போயிருக்கும்போது வீட்டில் தண்ணீர்க் குடம் நிறைந்தே இருக்க வேண்டும் என்பது அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லாப் பெண்களும் காக்கிற வழக்கம். பந்திக் கதையையும் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. "எங்கையால கொறை வெக்க மாட்டங்க, மேஸ்திரி. எங்க ஊட்டுக்காரு பூமிக்கு அடியில கீறாரு."

ஒரே ஒரு டின்

அடுத்த வாரமே கோவிந்தன் கடுங்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலையில் வைக்க ஐஸ் வேண்டும் என்றார் டாக்டர். அன்று எங்களிடம் பிளக்காமல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு டின். முனியம்மா அதன் முன் சொம்போடு நின்றார். இதுவும் பிளந்தால் புருஷனுக்கு ஐஸ் இல்லை. குறைத்து ஊற்றினாலோ, அவர் மனசுப்படி, புருஷனே இல்லை. அந்த நிலைமையில் யாருக்கு என்ன புத்தி சொல்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊற்றினார். நாலு விரல் இருக்கும்போது கை தானாக நின்றது. அப்படியே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் காலை டின்னைத் தூக்கினோம். பிளவு இல்லை. கட்டி விளிம்புவரை ஏறி நின்றது. சாக்கில் சுற்றித் தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பொழுது சாயக் கோவிந்தனுக்குக் காய்ச்சல் இறங்கிக் கஞ்சி கேட்டாராம். அந்தச் சேதியோடு திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "நான் வச்ச கொறைய சாமியே ராவுல வந்து நெரப்பிட்டுப் போயிருக்குதுங்க!"

ஐஸுக்கு நாலு விரல் இடம் விட்டால் டின் பிழைக்கும், காரணத்தில் சாமிக்கும் கொஞ்சம் இடம் விட்டால் மேஸ்திரியும் பிழைப்பான்.