பெரிய மணி வந்தால் எழுந்து நிற்பவள்

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருவர்கூட ஓரிடத்தில் உட்கார்ந்து படிப்பதில்லை. ஒருத்தி கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். ஒருவன் ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து விட்டபடி வரலாறு படிப்பான். புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோருக்கு இது படிப்பா கூத்தா என்று சந்தேகம் வரும். எனக்கு வராது. உட்காரத் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அந்த வயதில் தூத்துக்குடியிலேயே அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளை நான்தான்.

ஒன்பதாம் வகுப்பில் என் இடம் ஜன்னலோரம். துறைமுகத்தில் ஊதும் சங்கைக் கேட்டே கப்பல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று சொல்லிவிடுவேன். எதிர் வீட்டுக் கொடியில் எத்தனை சட்டை காய்கிறது, கணக்கு டீச்சர் ஒரு பாடவேளையில் எத்தனை முறை கண்ணாடியைத் தூக்கிவிட்டார் என்பதெல்லாம் அத்துப்படி. கரும்பலகையில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியாது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் பள்ளி அது. ஒன்பதிலேயே தவறினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படி நடந்தால் விளாத்திகுளம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். விளாத்திகுளத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அங்கே கடல் இல்லை, அம்மா இல்லை.

பாளையங்கோட்டை டாக்டர் என்னை ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பார்த்துவிட்டு, கவனக்குறைபாடு என்று நான்கு எழுத்தில் ஆங்கிலப் பெயர் எழுதிக் கொடுத்தார். அதைப் பள்ளியில் காட்டினால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்றும் சொன்னார். அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர், எந்தக் காற்றுக்கும் பயப்படாதவர். அந்தக் காகிதத்துக்குப் பயந்தார். "பொம்பளப் பிள்ள. பள்ளிக்கூடத்துல குடுத்தா ஊரு பூரா பேசும்" என்று அதை நாலாக மடித்து அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

எடுக்காமல் என்னைத் தேற்ற வழி உண்டா என்று அம்மா ஊரெல்லாம் விசாரித்துக் கண்டுபிடித்ததுதான் டியூஷன் அக்கா. அடுத்த தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மகள். என்னைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் முழுக்க அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, தன் வீட்டு மாடியில் என்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறாம் நாள், "ஏளா, கழுத்துல கெடக்க மாலைய உருட்டும்போது மட்டும் கணக்கு சரியா வருது, பாத்தியா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. என் கழுத்தில் கிடந்தது, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மையின்போது போட்ட ஜெபமாலை. அக்கா வீட்டுச் சாமியறையில் முருகன் படம்தான் உண்டு. மாலையைக் கழற்றச் சொல்லி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்துச் சின்ன மணி, பிறகு தனியாக ஒரு பெரிய மணி, மறுபடியும் பத்து, இப்படி ஐந்து பத்து. அவள் முகம் மலர்ந்துவிட்டது. தன் படிப்பில் சொல்லித்தந்ததை அப்படியே கோத்து வைத்திருக்கிறார்களே என்றாள்.

"ஒரு வரி படி, ஒரு மணி தள்ளு. பெரிய மணி வந்துட்டா எந்திச்சு மாடிய ஒரு சுத்து சுத்திட்டு வந்து உக்காரு. அதுக்கு முந்தி எந்திக்கக்கூடாது. அதுக்குப் பொறவு உக்காந்தே கெடக்கவும் கூடாது."

அவ்வளவுதான் வைத்தியம். கேட்டது. பத்து வரி என்பது எனக்கு எட்டக்கூடிய தூரமாக இருந்தது. விரல் மணியைத் தேடிக்கொண்டிருந்தால் கண் ஜன்னலைத் தேடவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு பாடத்தை ஒரு மாலையில் முடிக்கப் பழகிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றியது.

தெருவுக்குத் தோன்றியது வேறு. காலையில் மாலை, மாலையில் மாலை, எந்நேரமும் உதடு அசைகிறது. இந்தப் பிள்ளை கண்டிப்பாகக் கன்னியாஸ்திரி மடத்துக்கு சிஸ்டராகப் போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அத்தை வேளாங்கண்ணியிலிருந்து முத்துநிற மாலை ஒன்று வாங்கிவந்து, தனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னாள். நான் அந்த மாலையில் தனிம அட்டவணையை உருட்டினேன்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் தெருவில் பதினைந்து வீட்டார் சேர்ந்து வீட்டுக்கு வீடு முறை வைத்து ஜெபம் சொல்வார்கள். எங்கள் வீட்டு முறை வந்தபோது என்னைத்தான் முன்னால் உட்காரவைத்தார்கள். பத்து மணி பிசகில்லாமல் சொன்னேன். பெரிய மணி விரலில் பட்டது. கால் தானாக எழுந்துகொண்டது. என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் கூடத்தைத் தாண்டி, வாசல் வழியாக வீட்டைச் சுற்றத் தொடங்கியிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கையில் மெழுகுவர்த்தியோடு அத்தை. அத்தைக்குப் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும். புதிதாக வந்த பக்திமுயற்சி என்று நினைத்து, பாடிக்கொண்டே என் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அன்று ஐந்து முறை வீட்டைச் சுற்றினோம். அம்மா மட்டும் வரவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வில் அகப்பட்டுக்கொண்டேன். பேனாவையும் ஜியோமெட்ரி பாக்ஸையும் தவிர மேசையில் எதுவும் இருக்கக்கூடாது என்று மேற்பார்வையாளர் மாலையை வாங்கி வெளியே பையில் போட்டுவிட்டார். தெரிந்த பாடம், தெரிந்த கேள்வி. விரல் சும்மா இருந்தது, கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. மூன்று பாடத்தில் போயிற்று. தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டு, முழுஆண்டுத் தேர்வு கடைசி வாய்ப்பு என்றார். அக்கா வீட்டுக்கு வந்து டாக்டர் காகிதத்தைக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் மன்றாடினாள். அப்பா அலமாரியைத் திறக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் எடுக்க அம்மாவுக்கும் துணிவில்லை.

மார்ச் கடைசியில் அம்மா தனியாகப் பள்ளிக்கு வந்தாள். என்னை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு சிஸ்டரின் அறைக்குள் போனாள். வெளியே வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்னாலேயே வந்த சிஸ்டர் என் தலையில் கைவைத்து, "தேர்வு முடிகிற வரைக்கும் மாலை உன் கையிலேயே இருக்கட்டும்" என்றார். என் பக்தியின் புகழ் பள்ளி வரைக்கும் எட்டிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. தெருவை ஏமாற்றினேன், அத்தையை ஏமாற்றினேன், இப்போது சிஸ்டரையும். அம்மா எல்லோருக்கும் முன்னாலேயே ஏமாந்தவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முழுஆண்டுத் தேர்வை மாலையும் கையுமாக எழுதினேன். பெரிய மணி வந்தபோதெல்லாம் எழுந்து போய்க் கூடுதல் தாள் வாங்கிவந்தேன். எழுதாத தாளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். கணக்கில் நாற்பத்தொன்று. விளாத்திகுளம் தன் இடத்திலேயே இருந்துகொண்டது.

இதை இத்தனை வருஷமும் என் சாமர்த்தியக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். போன மாதம், மாடிக்கு வந்த ஒரு தாய், தேர்வுக் கூடத்தில் கையில் ஏதாவது வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்று கேட்டார். டாக்டர் காகிதத்தை ஒளிக்காமல் கொடுங்கள், கிடைக்கும் என்றேன். கூடவே என் கதையையும் எடுத்துவிட்டேன். ஓரமாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சிரித்தாள்.

"நீ ஜெபம் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதாக்கும். அன்னைக்கு அத்தன பேரும் உன் பொறத்தால சுத்தும்போதே தெரியும். பத்தாவது பாஸாவுற வரைக்கும் பிள்ள கைய விட்டு மாலை எறங்காதுன்னு மாதாகிட்ட நேந்துருக்கேன்னு சிஸ்டர்கிட்ட பொய்யச் சொன்னேன். மாதா பேரச் சொல்லிட்டு சும்மா இருக்க முடியுமா? அந்தப் பொய்க்காண்டி நீ பாஸாவுற வரைக்கும் மீனத் தொடலை."

எங்கள் வீட்டில் தவக்காலத்துக்குக் கறியை விடுவது பெரிய காரியமே இல்லை, மீன்தான் இருக்கிறதே. மீனையே விட்டால் அம்மாவுக்குச் சோற்றோடு தொட்டுக்கொள்ள என்ன மிச்சம்? எனக்கு அப்போதுதான் அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அப்பா கொண்டுவரும் சீலாவோ விளமீனோ, அம்மா தன் பங்கை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வாள். கேட்டால் பல்வலி என்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு தினமும் இரண்டு துண்டு. ஊரில் காயும் சட்டையெல்லாம் எண்ணியவள், ஒரு பல்வலி இத்தனை நாள் நிற்குமா என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று மத்தியானம் அம்மா சட்டியிலிருந்த மீன்தலையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினாள். நல்லவேளை, பல்வலி சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.