பறவை வருவதற்கு முந்தைய நீலம்

என் நாத்தனாருக்கு நாற்பத்து மூன்று வயது. எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுவது அவள் வேலை. அவள் எண்ணியதைத்தான் அச்சடித்துக் கொடுப்பார்கள். கீழே கையெழுத்து மட்டும் டாக்டருடையது. இருபது வருடமாக அப்படித்தான். கல்யாணப் பேச்சு நான்கு முறை வந்தது, நான்கு முறையும் பேச்சோடு நின்றது. அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நானும் பேசுகிற ஆளில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போய்விடுவாள். அப்புறம் நாற்காலி நகரும் சத்தம் ஒரு முறை கேட்கும், அவ்வளவுதான். அவளுடைய துணிகளைத் துவைக்கிறவள் நான் என்பதால் சிலது தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் முழங்கைகளில் மட்டும் சேறு இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு கேமரா வாங்கினாள். கேமரா கையடக்கமாகத்தான் இருந்தது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்ட அதன் முன்னால் மாட்டுகிற டெலிஃபோட்டோ லென்ஸ் என் முழங்கை நீளம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பீரங்கி வாங்கிட்டு வந்திருக்க? யார் மேல சண்டைக்குப் போற?" என்றார்.

"மிரர்லெஸ் அண்ணா. பழைய கேமராவுல உள்ள ஒரு கண்ணாடி டக்குனு மேல தூக்கும். அந்தச் சத்தத்துக்கே பறவை பறந்துடும். இதுல கண்ணாடி கிடையாது. சத்தமே வராது."

"அப்ப உன்னை மாதிரியேன்னு சொல்லு."

அவள் சிரித்தாள். சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

லென்ஸைத் தாங்க ஒரு தலையணை வேண்டும் என்று கேட்டாள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, பயறு அடைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதை ஏதாவது கட்டைச்சுவரின் மேல் வைத்து, லென்ஸை அதில் சாய்த்துக்கொண்டால் கை நடுங்காதாம். அந்தத் தலையணையைப் பற்றித்தான் நாங்கள் இரண்டு பேரும் அதிகமாகப் பேசியிருப்போம். பயறு கூடிப்போச்சு, குறைந்துபோச்சு என்று மூன்று முறை பிரித்துத் தைத்தோம்.

அவள் போகிற இடம் காடு இல்லை. ஊருக்கு வெளியே கழிவுநீரைச் சுத்தம் செய்கிற குட்டைகள். நாற்றம் பிடுங்கும். ஆனால் பறவைகளுக்கு அந்த மூக்கு கிடையாது போல. நாணல் அடர்ந்த மூன்றாவது குட்டையில் ஒரு மீன்கொத்தி இருந்தது. ஒன்றரை வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகப் போனாள். அது தொலைவில் கோடு மாதிரிப் பறந்து போகுமே தவிர, எதிரே வந்து உட்காராது.

அங்கே அவளோடு பேசுகிற ஒரே ஆள் காவலாளி. அறுபது வயதுக்காரர். இவள் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுப்பார். இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும், அதுவும் துண்டு துண்டாக.

இந்த வருடம் மீன்கொத்தி வர ஆரம்பித்தது. நாணலுக்கு மேல் நீட்டிய காய்ந்த கிளையில் உட்காரும், பிறகு தண்ணீரில் குதிக்கும், மீனோடு திரும்பி வரும். அப்படித் திரும்பி வரும்போது எடுத்த படம் ஒன்றை வனவிலங்குப் படக் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாடிப்படியில் நின்று, "அண்ணி, கொஞ்சம் மேல வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். அதற்கு முன்னால் என்னை அவள் மேலே கூப்பிட்டதாக நினைவில்லை.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றாள். கணினித் திரை முழுக்க அந்தப் படம். இறக்கை விரிந்து, அலகில் மீன், துளித்துளியாகத் தண்ணீர்.

"எடுத்துக்கிட்டாங்க அண்ணி. சுவர் அளவுக்குப் பெருசா வைப்பாங்களாம். கீழ என் பேரு." திரையின் கீழ் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "என் பேரு மட்டும்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"ஒரே ஒரு வேலை பாக்கி. இதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த படத்தையெல்லாம் அனுப்பணும். தீனி வெச்சு வரவழைச்சு எடுத்தது இல்லைன்னு பார்ப்பாங்க. அது வழக்கம்தான்."

அந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டாம். நாம் பொத்தானை அழுத்துவதற்கு அரை வினாடி முன்னால் நடந்ததையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பறவையின் வேகத்துக்கு நம் விரல் எட்டாது என்பதற்காக. அந்தப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். அவள் பறவையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்றுதான் பறவைப் படம் எடுக்கிறவர்கள் பார்ப்பார்களாம். நான் வீடு பெருக்குகிறவள், என் பார்வை மூலைக்குப் போகும்.

"அது என்னம்மா நீலமா, நாணலுக்குள்ள?"

"இறக்கை அண்ணி. அந்தப் பறவை நீலம்தானே."

"இந்தப் படத்துல பறவையே இன்னும் வரலையே."

அவள் கை நின்றுவிட்டது. முதல் நான்கு படங்களில் கிளை காலியாக இருந்தது. காற்றில் நாணல் விலகிய இடத்தில் நீலமாக ஒரு வளைந்த கோடு. பெரிதாக்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வருடக்கணக்கில் மூடியிருந்த வாய்தானே.

ஞாயிறு காலை நானும் அவளோடு போனேன். காவலாளி எனக்கும் டீ கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணே, நாணல் பக்கம் நீலமா ஏதோ கிடக்குதே?" என்றாள்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா டாக்டரம்மா! நான்தான் வெச்சேன். மூணு மாசமாச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி தொட்டியைப் பாதி தண்ணியில முக்கி, நாலு குஞ்சு மீனை உள்ள விட்டுடுவேன். அந்தப் பய மோப்பம் பிடிச்சு வந்துட்டான் பார்த்தீங்களா?"

"எதுக்குண்ணே?"

"வாராவாரம் வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போறீங்க. பார்க்க மனசு கேக்கலை. அந்தப் படம் என்னாச்சு? பெரிய எடத்துக்கு அனுப்பினீங்களே."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"பதில் வரும்ண்ணே," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மாடிக்கே ஏறிப் போய்விட்டார்.

"அந்த நாலு படத்தை அழிச்சுட்டு மிச்சத்தை அனுப்பு. யாருக்குத் தெரியும்? உங்க அண்ணிக்குத்தான் கண்ணு துடைப்பம் மாதிரி."

"எனக்குத் தெரியுமே அண்ணா."

"நீயா தொட்டி வெச்ச? அந்த ஆளு வெச்சாரு. உனக்கு என்ன பாவம்?"

"நான் வைக்கலை. ஆனா அது எனக்காக வரலை, மீனுக்காக வந்துச்சு."

"மீன்கொத்தி மீனுக்கு வராம, உன் முகத்தைப் பார்க்கவா வரும்?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. கீழே வந்து வெகுநேரம் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படங்களை அனுப்பச் செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள். பரிசோதனைக் கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு அறையிலேயே இருந்தாள். மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது நான்கு படங்களும் திரையில் வரிசையாக இருந்தன. அவள் விரல் அழிக்கிற பொத்தானின் பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த நீலத்தைப் பத்தி நான் கேட்டிருக்கக் கூடாது," என்றேன்.

"கேட்காம இருந்திருந்தா நான் பார்த்திருக்கவே மாட்டேன்," என்றாள். அது நன்றியா, குறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் படத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினாள். இரண்டே வரி. அனுப்பிவிட்டுக் கீழே வந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போனாள். நாற்காலி நகர்ந்தது.

அடுத்த ஞாயிறும் அவள் கூப்பிடாமலே நான் கூடப் போனேன். காவலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, பதில் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. எடுத்துக்கலை. நிறைய நல்ல படம் வந்திருக்காம்."

பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அவளை. முகம் மாறவேயில்லை.

அவருக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "பார்க்கத் தெரியாத பசங்க! இதைவிட என்ன வேணுமாம் அவனுங்களுக்கு? நீங்க மனசு விடாதீங்க. இன்னைக்குப் பெரிய மீனா விட்டிருக்கேன்."

அவள் வேண்டாம் என்றால் அவர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அந்த மனிதர் பிறகு எந்த முகத்தோடு டீ கொடுப்பார்?

"இல்லண்ணே, நான் இனிமே அந்தக் கரைக்குப் போறேன். காலை வெளிச்சம் அங்கதான் நேரா விழும்."

"அவ்வளவு தூரமா? டீ எடுத்துட்டு என்னால நடக்க முடியாதேம்மா."

"பரவாயில்லண்ணே. நான் தண்ணி கொண்டுவந்திருக்கேன்."

லென்ஸையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தாள். நான் வருகிறேன் என்றேன். "ரெண்டு பேரு இருந்தா பறவை வராது அண்ணி," என்று திரும்பாமலே சொன்னாள். கால் மணி நேரம் நடந்து, எதிர்க்கரையில் சின்னதாகத் தெரிந்து, உட்கார்ந்தாள்.

இந்தப் பக்கம் மீன்கொத்தி வந்தது. காய்ந்த கிளையில் உட்கார்ந்து, குதித்து, மீனோடு எழுந்தது. காவலாளி இரண்டு கையையும் தூக்கி அவளுக்கு ஆட்டினார். "இங்க பாருங்க டாக்டரம்மா, இங்க!" என்று கத்தினார். அவளுக்குக் கேட்டிருக்கும், தண்ணீரின் மேல் குரல் நன்றாகப் போகும். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். லென்ஸ் மட்டும் அந்தக் கரைத் தண்ணீரின் பக்கமே இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை.