எட்டுக் கயிறும் எல்ஸ்பெத்தும்

எல்ஸ்பெத் வைஸ்மனுக்குச் சாவைப் பற்றிப் பயமே கிடையாது. அறுபத்தெட்டு வயதிலும் ஆள் கிண்ணென்று இருந்தாள். முப்பத்தைந்து வருஷம் மீன் வெட்டிய கை. வாய் அதைவிடக் கூர்மை. அவளை அரித்தது ஒரே விஷயம்தான்: கயிறு. ஸ்காட்லாந்துக் கடலோரத்து போர்ட்நாக்கியில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. எட்டையும் சொந்தக்காரர்கள் பிடிக்கணும், தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய ரத்தத்துக்கு. இவளுக்கோ சொந்தம் என்று ஈ காக்கை கிடையாது! “என்னைத் தபால்காரனா இறக்கிவிடுவான்?” என்று கேட்டு ஊரைச் சிரிக்கவைப்பாள். உள்ளுக்குள் எவ்வளவு வலித்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே வம்சம் தேடக் கிளம்பினாள். புதன்தோறும் பஸ் ஏறி எல்ஜின் நூலகம். அப்பாவைப் பெற்ற ஜானின் 1884-ஆம் வருஷப் பிறப்புப் பதிவு கிடைத்தது. தாய் பார்பரா வைஸ்மன், வீட்டு வேலைக்காரி. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. “அட பாவி மனுஷா, எங்கேடா ஒளிஞ்சுக்கிட்டே?” என்று அவள் போட்ட சத்தத்தில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

நூலகப் பெண்தான் வழி சொன்னாள். “சர்ச் சபை மூப்பருங்க எழுதின நோட்டைப் பாருங்க. கல்யாணமாகாமப் பிள்ளை பெத்தா, கூப்பிட்டு நிறுத்தித் தகப்பன் யாருன்னு கேட்காம விடமாட்டாங்க.”

விட்டார்களா என்ன! பார்பராவை மூன்று தடவை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு தடவை அவள் வாயே திறக்கவில்லை. எல்ஸ்பெத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் தடவை சொன்ன பெயர் ஜேம்ஸ் மேர். போச்சு! அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மேர், அதிலும் பாதிப் பேர் ஜேம்ஸ். நல்லவேளை, மூப்பருக்கும் அந்தத் தொல்லை தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே குடும்பப் பட்டப்பெயரை எழுதிவைத்திருந்தார்: வாத்து.

வாத்து வீட்டில் இன்றைக்குப் பெரியவன் அலெக், அந்த ஜேம்ஸின் பேரன், துறைமுகத்தில் வறுத்த மீன் கடை வைத்திருப்பவன். ‘பழைய மீனைப் போடுறான்’ என்று எப்போதோ இவள் சொல்லப்போக, முப்பது வருஷமாகப் பேச்சில்லை. இவள் பக்கத்து ஊருக்குப் போய்த்தான் வறுத்த மீன் வாங்குவாள்.

அன்று சாயங்காலம் நேரே அவன் கடைக்குப் போய், மூப்பர் நோட்டின் நகலை நீட்டினாள்.

“உன் தாத்தாதான் எனக்குக் கொள்ளுத்தாத்தா. முறைக்கு நீ எனக்குச் சித்தப்பா.”

“போயும் போயும் உனக்கா?”

“நான் மட்டும் வேண்டிக்கிட்டா வந்தேன்?”

அலெக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான். “இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இதைத் தோண்டினே?”

எல்ஸ்பெத் கயிற்று விஷயத்தைச் சொன்னாள். முதல் தடவையாகக் கேலி கலக்காமல் சொன்னாள். அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். “கடை நேரம். போயிட்டு வா.”

அவமானமாக இருந்தது. சொல்லியிருக்கவே கூடாது என்று மூன்று நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கதவு தட்டப்பட்டது. அலெக். பின்னால் அவன் தங்கை, பெண்கள், பையன்கள், பேரப்பிள்ளைகள் என்று தெருவரைக்கும் கூட்டம்.

“எண்ணிக்கோ. என்னோட சேர்த்துப் பதினோரு பேர், எல்லாம் வாத்து ரத்தம். கயிறு எட்டுதான். எந்த மூணு பேர் வேண்டாம்னு நீயே சொல்லிடு, நான் கெட்ட பேர் வாங்கமாட்டேன்.”

எல்ஸ்பெத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண்ணீர் தாரைதாரையாக வந்தது, துடைக்கக்கூட இல்லை.

“ஒருத்தரையும் விடமாட்டேன் சித்தப்பா,” என்றாள். “மூணு கயித்தை மட்டும் ரெண்டு ரெண்டு பேராப் பிடிங்க.”