சாக்குப் பேய்

ஒக்டோபர் கடைசி வந்தால் டென்மார்க்கின் கோல்டிங் நகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். என் வீட்டு மணியை அடிக்கத் துணிந்தவர்கள் ஒரு கட்சி. தெருமுனையில் தாயின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் மற்றக் கட்சி. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், ஐம்பதை நெருங்குகிறவள். அன்றைக்கு மட்டும் மண்டையில் றப்பர் கோடரி செருகி, கழுத்துவரை சிவப்புச் சாயம் வடிய, வெட்டிய கை ஒன்றைக் கிடத்திய தட்டில் இனிப்பை ஏந்திக்கொண்டு கதவைத் திறப்பேன். என் கணவர் அன்று வேண்டுமென்றே வேலையால் பிந்தி வருவார்.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருத்தி நேரே கேட்டாள்.

"வயசுக்கேத்த மாதிரி நடக்கக் கூடாதோ அக்கா? பேய்க்கூத்து உங்களுக்கு என்னத்துக்கு?"

"செத்தாப்பிறகு நடக்கிறன்" என்றேன். அவள் அதன்பிறகு எனக்கு அழைப்பு அனுப்பவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

எனக்கு ஹாலோவீன் பிடிக்கும். பயங்கரமான முகம் ஒன்று கதவடியில் வந்து நிற்க, யாரும் சாகாமல் ஆளுக்கொரு மிட்டாயோடு கலைந்து போவதைப் பார்க்க எனக்குச் சலிப்பதே இல்லை. ஆனால் என் சின்ன வயதில் டென்மார்க்கில் ஹாலோவீன் கிடையாது. அப்போது இருந்தது ஃபாஸ்டலாவ்ன். மாசிக் குளிரில் பிள்ளைகள் வேடம் போட்டு, வீடு வீடாகப் போய்ப் பாடி, காசும் கிறீம் வைத்த பணிசும் வாங்குவார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மரப்பீப்பாயைக் கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மாறி மாறி அடித்து உடைப்பார்கள். உள்ளேயிருந்து இனிப்புக் கொட்டும். முற்காலத்தில் பீப்பாய்க்குள் உயிருள்ள கறுப்புப் பூனையை அடைத்து வைத்து அடித்தார்களாம். பூனை செத்துப் போகுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். அநேகமாகச் செத்துத்தான் போகும் என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் இருந்தது கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில். அப்பாவுக்குக் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற கொக்கிகளில் உயிர்க்கோழிகளைக் காலில் பிடித்துத் தலைகீழாக மாட்டவேண்டும். மாலையில் வரும்போது இரண்டு கைகளும் முழங்கைவரை கீறலாக இருக்கும். எங்களோடு அதே வீட்டில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். மூவருமே எனக்கு மாமாதான். பெண் என்று அந்த வீட்டில் நான் ஒருத்தி.

என் முதல் ஃபாஸ்டலாவ்னை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கிறீம் ருசிக்கிறது. வகுப்புத் தோழி ஒருத்தியின் தாய் எரித்த தக்கையால் என் முகத்தில் கரி பூசி, புகைபோக்கி துடைக்கிறவனாக என்னை ஆக்கினாள். உனக்குக் கரியே தேவையில்லையே என்று ஒரு பையன் சொன்னான். பீப்பாய்க்கு வைத்திருந்த கட்டையால் அவன் முழங்காலில் ஒன்று போட்டேன். அவன் அழுதுவிட்டு எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றான். வயிறு பிரட்டும்வரை பணிஸ் தின்றேன். ஊரைவிட்டு வந்தபிறகு நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். நாங்கள் வெளிக்கிட்டபோது தம்பி அவர் வயிற்றில். வயிற்றோடு இருக்கிறவளைக் கூட்டிப் போகமாட்டேன் என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். பிறகு கூப்பிடலாம் என்று அப்பா என்னை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் குடும்பத்தை இங்கே வரவழைத்தெடுக்க அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார். மாமாமாரும் தங்கள் மனைவிமாருக்குப் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பதில் வருவதற்கு முன்னம் அம்மா செத்துப்போகக் கூடாது என்பதுதான் என் ஒரே கும்பிடு.

அடுத்த வருட ஃபாஸ்டலாவ்னுக்குக் கடைகளில் இளவரசி உடுப்புகள் தொங்கின. அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. தலைநகர்ப் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து மாமா ஒருவர் கொண்டுவந்த அரிசிச் சாக்கு ஒன்று குசினியில் வெறுமையாகக் கிடந்தது. அதைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தேன், இடுப்புவரை வந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். பேய் தயார். செலவில்லாத பேய். பள்ளியில் பீப்பாய் உடைக்க வைத்திருந்த கட்டையையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

இளவரசியாகத் தோழியும் மாடுமேய்க்கும் வீரனாக அந்த முழங்கால் பையனும் கூட வந்தார்கள். மூவரும் தெருத்தெருவாகப் பாடி, தகரப்பேணி நிறையச் சில்லறை சேர்த்தோம். வேலிக்குப் பின்னால் நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்தன. எனக்கு ஒரே பெருமை. இருட்டத் தொடங்கியபோது, கடைசியாக எங்கள் வீட்டுக்குப் போவோம் என்றேன். அப்பாவை ஏமாற்றவேண்டும். நான் வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், நீங்கள் மட்டும் பாடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் அதிகாலை வேலைக்காக நேரத்தோடே படுத்திருந்த அப்பா, பெனியனோடு வந்து கதவைத் திறந்தார். இளவரசியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன வேண்டும்? காசா?" என்று தனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டார்.

நான் பேசவில்லை. பேய் எப்படி ஆட்டுமோ அப்படி, மெதுவாக, பெரிதாக, தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

முதல் குத்து எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. படியில் மல்லாக்க விழுந்தேன். அப்பா என்மேல் பாய்ந்து, சாக்கோடு சேர்த்து என் தலையைப் பிடித்துப் படியின் விளிம்பில் இடித்தார். பிறகு என் கையிலிருந்த பீப்பாய்க் கட்டையைப் பறித்து அடித்தார். தோளில், முதுகில், மறுபடி முகத்தில். கண் ஓட்டைகள் விலகிப்போய் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாக்கு நார் வாய்க்குள் போய்க் கத்தவும் முடியவில்லை. அடிக்கிறது அப்பாதானா என்ற சந்தேகம்கூட வந்தது. அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. கோழி மாட்டுகிற கைகள், அவ்வளவு பலம்.

மாமா ஒருவர் ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிப் பின்னால் இழுத்தார். இன்னொருவர் சாக்கை உருவினார். என் புருவம் பிளந்து இரத்தம் கண்ணை மூடிக் கிடந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். கட்டையைக் கீழே போட்டார். பனியில் அப்படியே குந்திவிட்டார். மற்றப் பிள்ளைகள் இருவரும் அதற்குள் ஓடிவிட்டார்கள்.

குசினியில் சாக்கை உருவிய மாமா என் புருவத்தில் பிளாஸ்டர் ஒட்டி, உறைந்த கோழிக்கால் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பிடித்தார். வைத்தியரிடம் போனால் ஏன் எப்படி என்று கேட்பார்கள், போகவில்லை. அன்றைக்குத்தான் அவர் எனக்கு அதைச் சொன்னார்.

"ஊரிலை ஆமி சுத்தி வளைச்சா ஆம்பிளையளை வரிசையிலை நிப்பாட்டுவாங்கள். சாக்காலை முகத்தை மூடி ஒருத்தனைக் கொண்டு வருவாங்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் கதைக்க மாட்டான். ஆரைப் பாத்துத் தலையாட்டுறானோ, அந்த ஆள் முடிஞ்சுது. தலையாட்டி எண்டு சொல்லுறது. உன்ரை கொப்பரைப் பாத்தும் ஒருத்தன் ஆட்டினவன்."

அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பிறக்கும்போதே அப்படி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பள்ளிக்கூடத்திலை கேட்டால் படியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு" என்றார் மாமா. "பொலிசுக்குப் போனால் கொப்பரிலை கேஸ் போடுவாங்கள். பிறகு கொம்மா இஞ்சை வந்த மாதிரித்தான்."

அவ்வளவு போதும் எனக்கு. மறுநாள் திங்கள், பள்ளியில் பீப்பாய் உடைக்கிற நாள். பிளாஸ்டரை உரித்துவிட்டுக் கண்ணாடி பார்த்தேன். இடப்பக்கம் வீங்கிக் கறுத்திருந்தது, வலப்பக்கம் நன்றாக இருந்தது. தக்கையை அடுப்பில் எரித்து வலக்கண்ணைச் சுற்றிக் கரி தடவினேன். பீட்றூட் சாற்றால் வலப்புருவத்தில் ஒரு பிளவு வரைந்தேன். இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை விடவில்லை.

மண்டபத்தில் கடற்கொள்ளைக்காரர், சூனியக்காரிகள், இரத்தம் வடியும் பிணங்கள். என்னைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். மிகச் சிறந்த ஒப்பனை என்று ஆசிரியையும் சொன்னார். மாடுமேய்க்கும் வீரன்தான் போட்டுக்கொடுத்தான்.

"அது ஒப்பனை இல்லை, அவளுடைய அப்பா அடித்தது."

ஆசிரியை தன் கைலேஞ்சியை நனைத்து வந்து என் வலப்பக்கத்தைத் துடைத்தார். கரியும் பீட்றூட்டும் கழன்று வந்தன. இடப்பக்கத்தைத் தொட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கழன்று வரவில்லை.

"விழுந்தேன்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பீப்பாய்க்கு என் முறை வந்தது. தூக்க முடியாத தோளோடு தூக்கி அடித்தேன். அப்பாவை அடித்தேன். வராத அம்மாவை அடித்தேன். முகம் தெரியாத அந்தத் தலையாட்டியை அடித்தேன். ஒருவருக்கு ஒரு அடி என்பது விதி, நான் நிறுத்தவில்லை. பலகை பிளந்து இனிப்புச் சிதறியபோது பிள்ளைகள் பொறுக்க வராமல் தள்ளி நின்றார்கள். உடைத்தவளுக்குப் பரிசாக நீட்டிய கடதாசிக் கிரீடத்தை நான் வாங்கவில்லை.

மாலையில் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார். எதிரே அப்பா தலை குனிந்திருந்தார். அப்பாவுக்கு டேனிஷ் போதாது, ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

"உன் அப்பாவிடம் கேள். உனக்கு இப்படிச் செய்தது அவரா?"

"அப்பா, நீங்களோ அடிச்சது எண்டு கேக்கிறா."

"ஓம். நான்தான் அடிச்சனான் எண்டு சொல்லு. ஏனெண்டும் சொல்லு. சாக்கைக் கண்டதும் புத்தி கெட்டுப்போச்சு எண்டு சொல்லு."

நான் ஆசிரியையின் பக்கம் திரும்பினேன். "நான் விழுந்துவிட்டேன் என்கிறார். படியில் பனி இறுகிக் கிடந்ததாம்."

பனி, படி, விழுதல் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்த சொற்கள். தலையை நிமிர்த்தினார்.

"நான் சொன்னதைச் சொல்லு பிள்ளை."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஆசிரியை.

"கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கிறார்."

ஆசிரியை கோப்பி குடித்தார். நம்பியிருக்க மாட்டார். பிறகும் இரண்டு தடவை என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். இளவரசியைக் கேட்டபோது அவளும் நான் விழுந்ததாகவே சொன்னாள். அதோடு அது முடிந்தது.

முடிந்தது பள்ளியில். வீட்டில் அப்பா என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவார். மணி அடித்தால் கதவடிக்கு வரமாட்டார். அடித்ததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்ன பொய்யில் அவர் உண்மையும் சேர்ந்து செத்துப்போயிற்று, திரும்பச் சொல்ல அவருக்கு வழியில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

விண்ணப்பங்களுக்குப் பதில் வராததை இந்த நாட்டில் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்துக் கதைத்ததெல்லாம் பின்னால். குடும்பங்களை எடுக்கும் விண்ணப்பங்களை மேலிடமே கிடப்பில் போட வைத்ததாம். அதில் ஓர் அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது நான் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டேன். கையிலிருந்த சாப்பாட்டுப் பீங்கானைச் சுவரில் எறிந்தேன். முகத்தில் கரி பூசி, ஆசிரியைக்குப் பொய் சொல்லி நான் காப்பாற்றிய அந்த விண்ணப்பத்தை அந்த நாட்களில் ஒருவரும் கையில் எடுத்தே பார்க்கவில்லை. ஆனாலும் திரும்ப அந்தக் குசினியில் இருத்தினால் அதே பொய்யைத்தான் சொல்வேன். எனக்கு அம்மா வேண்டியிருந்தது.

அந்தச் செய்திக்கெல்லாம் முன்பே, விண்ணப்பங்கள் மேலிருந்த பிடி கொஞ்சம் இளகியபோது, அம்மா வந்துவிட்டார். அடித்த வருடத்துக்கு அடுத்த வருடம். விமான நிலையத்தில் அப்பாவைத் தெரியாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய சூட்கேசோடு வெளியே வந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். பெருவிரலால் புருவத்தைத் தடவினார்.

"இதென்ன தழும்பு?"

"பனியிலை வழுக்கி விழுந்தனான் அம்மா."

அப்பா சூட்கேசைத் தூக்கக் குனிந்தவர், அதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இல்லை. நான் அடிச்சனான்."

அம்மா தம்பியை இறக்கி என் கையில் பிடித்துத் தந்தார். பிறகு அப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சத்தம் கேட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தரம் அறைந்தார். அப்பா கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று வாங்கினார். தம்பி வீரிட்டு அழுதான்.

"சாக்குப் போட்டுக்கொண்டு வந்து தலையாட்டினவள்" என்றார் அப்பா. "பிள்ளை எண்டு தெரியேல்லை."

மறுபடி ஓங்கின அம்மாவின் கை அப்படியே நின்றது. அந்த வரிசை நின்ற நாளில் தெருவின் மற்றப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். வேறு ஒன்றும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையை இறக்கிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது அப்பா என்னைப் பார்த்தார். எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு, நேராக, முகத்தை.

"நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார்.

காயம் ஆறி எவ்வளவோ காலம்.

"ஓம்" என்றேன். "நோகுது."