கோபில் வீட்டு விருந்தறை

மவ்ஜுதாவுக்குக் கார் ஓட்டுறவன் நான். புகாராவுல இடிபடப் போற பழைய வீடுகளுக்குள்ள மூணுகால் ஸ்டாண்டைத் தூக்கிட்டுப் போய், லேசர் கருவியால சுவர் சுவரா பதிவு எடுப்பா. அப்புறம் அந்தப் பதிவைக் காட்டுற பெரிய கண்ணாடியைக் கண்ணுல மாட்டிக்கிட்டா, யாரா இருந்தாலும் அந்த வீட்டுக்குள்ளயே நிக்கிற மாதிரி இருக்கும். பத்து வருஷமா இதே பொழப்பு. கட்டினவன்கூட, "நீ மெஷினோடவே குடும்பம் நடத்து"ன்னுட்டுப் போயிட்டான்.

ரொட்டி சுடுற கோபிலோட வீட்டுக்கும் அப்படித்தான் போனா. விருந்தறை பூரா நீலமும் தங்கமுமா மாதுளைக் கொடி, கிண்ணம் வைக்க நாப்பத்திரெண்டு மாடம். பாத்த அன்னைக்கே, இதை இடிக்க விடமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. தங்கப்பூச்சு லேசரைத் திருப்பி அடிச்சதால பதிவுல ஓட்டை ஓட்டையா விழுந்துச்சு. எல்லாத்தையும் அடைக்க மூணு வாரம் ஆச்சு.

"தங்கச்சி, சுவத்தைப் பாக்குறதுல கால் பங்கு ஒரு மாப்பிள்ளையைப் பாத்திருக்கலாம்"னு கோபில் சீண்டுவார்.

"மாப்பிள்ளை குறட்டை விடுவான் அண்ணே. சுவரு விடாது."

கண்ணால பாத்தா மனசு மாறுவாங்கன்னு நம்பி, ரோடு போட வீடுகளை இடிக்கிற கமிட்டியோட தலைவருக்கு அந்தக் கண்ணாடியை மாட்டி விட்டா. அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்து வாயைப் பொளந்தார்.

"அடேயப்பா! மாடத்துத் தூசிகூட இருக்கேம்மா! பதிவு முடியலன்னுதான் இடிக்காம வச்சிருந்தோம். இனி என்ன, வியாழக்கிழமை ரோடு வேலையை ஆரம்பிச்சுடலாம். பதிவுல எங்களுக்கு ஒரு காப்பி குடுத்துடு."

காருக்குள்ள வந்து உக்காந்ததும் கணினியைத் திறந்து பதிவு இருந்த டிஸ்க்கைச் செருகினா.

"என்னம்மா பண்ற?"ன்னு நான் கேட்டேன்.

"பதிவு இல்லன்னா இடிக்க முடியாதுல்ல? அவர் வாயாலயே சொன்னார்ல?"

"பைத்தியமா உனக்கு? இந்த ரெண்டு டிஸ்க்கை விட்டா வேற பதிவே கிடையாது!"

"தெரியும்."

அழிச்சுட்டா. அடுத்து, நகல் வச்சிருந்த ரெண்டாவது டிஸ்க்கையும். கையைப் பிடிச்சு நான் தடுத்திருக்கலாம். பாவி, எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை.

மறுநாள் புதன்கிழமை. பதிவு கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்க ஒரு மாசம் வேணும்னு தலைவர்கிட்டப் போய்ச் சொன்னா. அவர் நிமிர்ந்துகூடப் பாக்கல.

"அச்சச்சோ. போனாப் போகுது விடும்மா. பதிவு முடிஞ்சதுன்னு நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. இடிக்கிற மெஷின்கூட ஒரு நாள் முந்தி இன்னைக்கே வந்து வேலையை ஆரம்பிச்சுடுச்சு."

கால்ல விழாத குறையாக் கெஞ்சினா. நடக்கல. கருவியைத் தூக்கிட்டு ஓடினோம், ஒரு சுவராவது கிடைக்காதான்னு. நாங்க போறதுக்குள்ள கூரை விழுந்து, மாதுளைக் கொடியெல்லாம் மண்ணாக் கிடந்துச்சு. மவ்ஜுதா அந்தப் புழுதியிலயே உக்காந்து கதறினா.

தெருவுல பொண்டாட்டியோடயும் மூட்டை முடிச்சோடயும் நின்ன கோபில்தான் வந்து அவளைத் தேத்தினார்.

"அழாத தங்கச்சி. வீடு உன்கிட்ட பத்திரமா இருக்குல்ல? அந்த ஒரு தெம்புலதான் நாங்க நிக்கிறோம். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இவளுக்கு மாட்டி விடு. காலையிலருந்து அந்த விருந்தறையையே கேட்டுக்கிட்டு இருக்கா. உள்ள போய் ஒரு தடவ பாத்துட்டு வரட்டும்."

மவ்ஜுதா என்னைப் பாத்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் பொண்டாட்டி முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, மாட்டிக்க வாகா முகத்தை நீட்டிக்கிட்டு நின்னாங்க.